இரவில் தூக்கத்தில் சிறுநீர் போய்விடுகிறது, வயது 22, பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறேன்

ஜன்னலோரம் எழுதியது:

வயது 22. விபத்தில் தலையில் அடிபட்டு இடது கையும் காலும் பலம் குறைந்துபோனதால் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறேன். பகல் முழுக்கச் சக்கர நாற்காலிதான். பகலில் யூரின் விஷயத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை, வந்தால் தெரிகிறது, ஆளைக் கூப்பிட்டால் கூட்டிப்போகிறார்கள், அவ்வளவுதான். ராத்திரி தூங்கியபின்தான் ஒன்றும் தெரிவதில்லை. வாரத்தில் பாதி நாளாவது விடியற்காலையில் முதுகுக்கு அடியில் சில்லென்று ஈரமான பிறகுதான் விழிப்பே வருகிறது. விபத்துக்கு முன்னால் இது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதிலும் இல்லை, அப்புறம்தான் ஆரம்பித்தது.

இங்கே இதற்கு மூன்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது, ராத்திரி மாத்திரை (வலிப்பு வராமல் இருக்க ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று) போடும்போது ஒரே ஒரு வாய்தான். நள்ளிரவு 1 மணிக்கு அறை விளக்கைப் போட்டு உலுக்கி எழுப்பி யூரின் கேன் கொடுக்கிறார்கள், சில நாள் அதற்குள்ளேயே நனைந்திருக்கும். மூன்றாவது, அடுத்த வாரம் முதல் தினமும் 8 மணிக்கே டயப்பர் கட்டிவிடப் போவதாகச் சொல்கிறார்கள். அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் என் வயதுதான். அவர்கள் எதிரில்.

இதையெல்லாம்விட என்னால் தாங்கமுடியாதது காலையில் பெட்ஷீட் மாற்ற வருபவர் நடைபாதையில் நின்றுகொண்டு "இன்னைக்கும் நனைச்சிட்டான், இன்னொரு செட் எடுத்துட்டு வா" என்று சத்தமாகச் சொல்வது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அதைக் கேட்கும் ஒவ்வொரு நாளும் எனக்குச் சாப்பாட்டு அறைக்குப் போகவே மனம் வருவதில்லை. நண்பன் ஒருவன் அவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் போகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன்.

நான் கேட்க நினைப்பது: தண்ணீரை இப்படி நிறுத்துவது சரிதானா? டயப்பரைத் தவிர வேறு வழி உண்டா? இவர்களிடம் எப்படிப் பேசுவது? வேறு போக்கிடம் இல்லாத இடத்தில் சண்டை போட எனக்குப் பயமாக இருக்கிறது.

---

மெதுநடை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு, இடுப்புக்குக் கீழே உணர்வு குறைவு, வளர்ந்தது முழுக்க விடுதியும் இல்லமும்தான். மருத்துவக் காரணங்களை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது படுக்கை, அதைச் சொல்கிறேன்.

முதலில் மெத்தை. பழைய ரப்பர் ஷீட்டா போட்டிருக்கிறார்கள்? அது வியர்க்க வைக்கும், சரசரவென்று சத்தம் வரும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் கேட்கும். பாலியூரித்தேன் பூச்சு உள்ள துணி மாதிரியான மெத்தை உறை கிடைக்கிறது, நீர் புகாது, காற்று ஓரளவு போகும், சத்தமும் இல்லை. அதன்மேல் பெட்ஷீட், அதன்மேல் இடுப்புப் பகுதிக்கு நீர் உறிஞ்சும் துவைக்கிற விரிப்பு, அப்புறம் அதற்கு மேலே இன்னொரு முறை நீர் புகாத விரிப்பும் பெட்ஷீட்டும். அதாவது ஒரே கட்டிலில் இரண்டு படுக்கை. நடுராத்திரி நனைந்தால் மேலே உள்ளதை உருவிச் சுருட்டிப் போட்டால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட வேண்டாம், அலமாரியைத் திறக்க வேண்டாம், "இன்னொரு செட்" என்று யாரையும் கூப்பிடவும் வேண்டாம். ஒரு கை பலம் குறைந்தவருக்கு உருவுவது சிரமம்தான், அதனால் மேல் விரிப்பைக் கட்டிலின் வலது பக்கம் மட்டும் செருகாமல் தொங்கவிடச் சொல்லுங்கள், பலமுள்ள கையால் பிடித்து இழுத்துக்கொண்டே புரளலாம். மாற்றுக் கால்சட்டை, துண்டு, மூடுகிற பை மூன்றும் அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

துவைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உறிஞ்சும் விரிப்புக்குத் துணி மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது, போட்டால் உறிஞ்சுவது குறைந்துவிடும். யூரின் ஊறிய துணியை நேராக பிளீச்சிங் கலவையில் ஊறப்போடவும் கூடாது, சிறுநீரில் இருப்பதும் பிளீச்சும் சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கிற வாயு வரும். வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்புதான்.

டயப்பருக்கு மாற்று என்றால் ஆண்களுக்குக் காண்டம் கதீட்டர் உண்டு. உள்ளே குழாய் எதையும் விடுவது இல்லை. ஆணுறை மாதிரி மேலே மாட்டிக்கொள்வது, உள்பக்கம் ஒட்டும் பசை இருக்கும், நுனியிலிருந்து குழாய் போய் 2 லிட்டர் யூரின் பையில் சேரும். நான் பல வருடமாக ராத்திரிக்கு இதைத்தான் வைத்துக்கொள்கிறேன். இதில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் அளவில்தான் தோற்கிறார்கள். தயாரிக்கிற நிறுவனமே அளவுக் காகிதம் தருகிறது, அதை வைத்து அளந்து வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் கழன்றுவிடும், சிறிதாக இருந்தால் இரத்த ஓட்டத்தையே இறுக்கும். மாட்டும்போது தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பவுடரோ கிரீமோ தடவினால் ஒட்டாது. முன்தோலை அதன் இயல்பான நிலையிலேயே விட்டுவிட்டு மாட்டுங்கள். நுனிக்கும் குழாய்க்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கட்டும், ஆனால் நிறைய விட்டால் அங்கே முறுக்கிக்கொண்டு சிறுநீர் திரும்பி வந்து பசையைப் பிரித்துவிடும். குழாய் தொடை மேலே போகட்டும், பை கட்டிலுக்குக் கீழே தொங்கட்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து உருட்டிக் கழற்ற வேண்டும், பிய்த்து இழுக்கக் கூடாது. கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும், சிவந்தோ வீங்கியோ இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிலிக்கோனில் இருக்கிறது.

முதல் தடவை ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள், பகலில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். கழன்றுவிடும் என்று பயந்து சாதாரண பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை யார் செய்யச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் விறைப்பு வரும்போது அந்த ஒட்டு விரிந்து கொடுக்காது, இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

---

வடக்குவாசல் எழுதியது:

மெதுநடை சொன்னது நல்ல யோசனை. ஆனால் டயப்பர் என்றதுமே எல்லோரும் ஓடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு 29 வயது, ராத்திரியில் பேட் போடுகிறேன். கால்சட்டை மாதிரி ஏற்றிக்கொள்கிற வகை, வெளியே தெரியாது, சத்தம் வராது, நானே போட்டு நானே கழற்றுகிறேன். தம்பி வருத்தப்படுவது டயப்பருக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. 8 மணிக்கே, மற்றவர்கள் எதிரில், வேறொருவர் கட்டிவிடுவதுதான் அவரை வருத்துகிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாமே. படுக்கப் போகும் நேரத்தில், குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்றுகிற வகை. ஒரு கையால் முடியாவிட்டால் ஒரே ஒருவர் உதவட்டும், அந்த ஒருவர் யார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

உறிஞ்சும் அளவு உறை மேல் மி.லி. கணக்கிலோ துளிப்படத்திலோ போட்டிருக்கும். போட்டிருக்கிற அளவு முழுவதையும் படுத்துத் தூங்குகிற ஆளிடம் எதிர்பார்க்க வேண்டாம், அதனால் ஒரு படி அதிகமாகவே வாங்குங்கள். ஆண்களுக்கு முன்பக்கம் தடிமனாக உள்ளது வேண்டும், பக்கவாட்டில் படுத்துத் தூங்கினால் இடுப்போரம் கசியும், அந்தப் பக்கத்தை நன்றாக இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். தோலுக்குத் தடவும் கிரீமை மெல்லிசாகப் பூசுங்கள், அப்பிக்கொண்டால் பேட் உறிஞ்சாது. காலையில் உடனே கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தால் புண் வரும்.

நண்பன் வீட்டுக்குப் போங்கள் தம்பி. பேட், ஒரு நீர் புகாத விரிப்பு, மூடுகிற பை, மாற்றுக் கால்சட்டை, அதற்குமேல் எதுவும் தேவையில்லை. நண்பனிடம் "ராத்திரி எனக்கு ஒரு மருத்துவப் பிரச்சினை இருக்கிறது, இந்த விரிப்பைப் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். என் அனுபவத்தில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

---

தாதி_ரேவதி எழுதியது:

நான் நர்ஸ், சிறுநீரகப் பிரிவில் வேலை பார்த்தவள். மேலே இருவரும் சொன்னது பயனுள்ளது, ஆனால் எனக்கு முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது ஏன் வருகிறது என்று இதுவரை யாராவது பார்த்தார்களா? இடையில் சரியாக இருந்து, இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறது. அப்படி ஆரம்பித்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். பேட் வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடக் கூடாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றுவது, தூக்கத்தில் உங்களுக்கே தெரியாமல் வலிப்பு வருகிறதா என்பது. தலையில் அடிபட்டவர், வலிப்பு மாத்திரை எடுக்கிறவர். நனைந்த நாளில் காலையில் நாக்கோ கன்னத்தின் உள்பக்கமோ கடிபட்டிருக்கிறதா, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலிக்கிறதா, தலைவலி, குழப்பம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அறையில் தூங்குகிற மற்ற இருவர் ராத்திரியில் எதையாவது கேட்டார்களா, பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது இது.

அடுத்தது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகிறதா என்பது. சிலருக்குச் சிறுநீர்ப்பை முழுக்க நிரம்பியே இருக்கும், வலி இருக்காது, பகலில் போய்க்கொண்டுதான் இருப்பார்கள், தூக்கத்தில் மட்டும் நிரம்பி வழியும். ஆணுக்குப் புதிதாக இரவில் மட்டும் கசிவு வந்தால் இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் விட்டுவிட்டால் சிறுநீரகமே கெடலாம். சிறுநீர் கழித்த உடனே வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து மீதி எவ்வளவு என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை, வலியே இல்லை. கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரையும் பார்ப்பார்கள்.

மலச்சிக்கல் இருக்கிறதா? கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும், நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது சகஜம். இவர்கள் தண்ணீரைக் குறைத்ததே மலச்சிக்கலைக் கூட்டியிருக்கலாம்.

கால். பகல் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் நீர் கணுக்காலில் இறங்கித் தேங்கும். ராத்திரி படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் அதை வெளியேற்றும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாக வரி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மாலை நேரத்திலேயே இரண்டு மணி நேரமாவது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டால் அந்த நீர் படுக்கப் போகும் முன்பே இறங்கிவிடும். செலவில்லாத வழி, இல்லத்தில் யாரும் மறுக்கவும் காரணம் இல்லை.

குறட்டை பெரிதாக இருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூச்சு அடைபடும்போது இதயத்திலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டும். அப்புறம் தூக்க மாத்திரை. அது நிரம்பிய பையின் எச்சரிக்கையைக் கேட்கவிடாமல் செய்யலாம். அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

5 மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மொத்தத்தில் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும், தொற்றும் வரலாம். நீங்கள் குடிக்கிற அளவு குறையவே கூடாது, நேரம்தான் மாற வேண்டும்: காலையிலும் மதியத்திலும் தாராளமாக, சாயங்காலம் அளவாக, படுக்கும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் மாத்திரைக்கு வேண்டியது. டீ, காபி மதியத்தோடு நிறுத்தலாம். நள்ளிரவில் எழுப்புவதைப் பற்றி: அன்றைக்குப் படுக்கை காயும், ஆனால் அதனால் உடம்பு பழகிக்கொள்ளாது. எழுப்பத்தான் வேண்டும் என்றால் 1 மணி என்று கடிகாரத்தைப் பார்த்து எழுப்பாமல், நீங்கள் வழக்கமாக நனைகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிறிய டார்ச்சோடு, தோளைத் தொட்டு.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கவும் டாக்டரிடம் காட்டவும் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனது. யூரின் கேனிலேயே கோடு இருக்கும். ராத்திரி பேட் போட்டிருந்தால் காய்ந்ததையும் நனைந்ததையும் சமையலறைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்தால் போதும், ஒரு கிராம் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மி.லி. இளைஞர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரில் 20 சதவீதத்துக்கு மேல் இரவில் வந்தால் (காலையில் எழுந்ததும் போவதையும் சேர்த்து) இரவில் அதிகமாகச் சுரக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியா, அல்லது பை கொஞ்சமாகத்தான் பிடிக்கிறதா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

டெஸ்மோபிரெசின் என்ற மருந்தை யாராவது சொன்னால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். அது இரவுச் சிறுநீரைக் குறைக்கும், பலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைப் போடுவதற்கு 1 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை தண்ணீரை மிகக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். சோடியம் இறங்கினால் வலிப்பு வரும். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகளும் சோடியத்தை இறக்கக்கூடியவை. உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் இந்த மருந்தை வாங்கவே வாங்காதீர்கள்.

சிறுநீரில் இரத்தம், அடங்காத தாகம், காலில் புதிதாகப் பலவீனம், உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

---

பொறுப்பில்_இருப்பவள் எழுதியது:

நான் இளைஞர்கள் தங்கும் ஓர் இல்லத்தை நடத்துகிறவர்களில் ஒருத்தி. எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நடைபாதையில் நின்று சத்தமாகச் சொல்வது தவறு. அவர் நல்லவராக இருந்தாலும் தவறு. உங்கள் உடம்பைப் பற்றிய விவரம் உங்களுடையது, அது தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும், அப்படித் தெரிய வேண்டியவர்கள் அதிகபட்சம் நாலு பேர் இருப்பார்கள். நீங்கள் வளர்ந்த ஆள். உங்கள் உடம்பில் எதைக் கட்டுவது என்றாலும் உங்கள் சம்மதம் வேண்டும். இதைக் கேட்பது சண்டை ஆகாது.

பொறுப்பாளரிடம் காலை நேர அவசரத்தில் பேசாதீர்கள். "தனியாகப் பத்து நிமிடம் வேண்டும், என் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றி" என்று முன்கூட்டியே நேரம் கேளுங்கள். குற்றச்சாட்டாக ஆரம்பிக்காமல் என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள், எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, பணி மாறும்போது வாய்ச்சொல் தொலைந்துவிடும். இப்படி எழுதலாம்: "எனக்கு இரவில் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை என் படுக்கையை இரண்டு அடுக்காகப் போட்டுத் தாருங்கள். நனைந்த துணியை மூடிய பையில் நானே போட்டு வைக்கிறேன், அதை மற்ற துணிகளோடு சேர்த்து எடுத்துப் போகட்டும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பேட் போடுவதென்றால் படுக்கும் நேரத்தில், குளியலறையில், நான் சொல்லும் ஒருவர் உதவியோடு. உள்ளே வருமுன் கதவைத் தட்டுங்கள்."

இவற்றில் எதற்கும் கூடுதல் ஆள் தேவையில்லை என்பதைச் சொல்லுங்கள், அது நிர்வாகத்துக்குப் பிடிக்கும். இரவுப் பணியில் இருப்பவருக்கும் வேலை குறையும். பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் டாக்டரையோ சமூகப் பணியாளரையோ இதையே ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் எழுதியதைத் தள்ளிவைக்கிற இல்லங்கள் குறைவு.

---

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரேவதி அக்கா, நாக்கைப் பற்றிக் கேட்டதும் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் நாக்கோரம் எரிந்தது, தூக்கத்தில் கடித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன், அன்றைக்கு நனைந்திருந்ததா என்று சரியாக நினைவில்லை. மலச்சிக்கல் உண்டு. சாயங்காலம் சாக்ஸ் வரி ஆழமாகவே தெரிகிறது, இதுவும் அதுவும் சம்பந்தப்பட்டது என்று யாரும் சொன்னதில்லை. குறட்டை பற்றி அறையில் என் வயதுப் பையனிடமே கேட்டேன். அவன் "குறட்டை இல்லை, ஆனால் சில நாள் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்கும்" என்றான்.

ஒரு சந்தேகம். நனைந்ததும் மணி அடிக்கிற கருவி இருக்கிறதாமே, அது எனக்குப் பயன்படுமா? அறையில் மூன்று பேர்.

---

தாதி_ரேவதி எழுதியது:

கட்டில் ஆடுகிற சத்தத்தை இன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள் தம்பி, நரம்பியல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். மற்ற எல்லாம் இரண்டு நாள் தள்ளினாலும் பரவாயில்லை, இதைத் தள்ள வேண்டாம். இன்னொரு முறை கேட்டால் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும்படியும், முடிந்தால் இரவுப் பணியாளரைக் கூப்பிடும்படியும் அந்தப் பையனிடம் சொல்லி வையுங்கள். ஆட்டம் 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பது பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாம், வாயில் எதையும் வைக்கக் கூடாது.

மணிக் கருவி 1938-இல் உளவியலாளர்களான மவுரர் தம்பதியர் அதைப் பற்றி எழுதியதிலிருந்தே புழக்கத்தில் இருப்பது, சத்தம் வேண்டாம் என்றால் அதிர்கிற வகையும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், மணி அடித்ததும் உடனே எழுந்து போக முடிய வேண்டும். உங்களுக்கு அந்த நேரத்தில் ஓர் ஆள் வந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், வலிப்பால் நனைகிறது என்றால் அந்தக் கருவியால் ஒரு பலனும் இல்லை. டாக்டர் பார்த்து முடிக்கும் வரை அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இப்போதைக்கு இரண்டு அடுக்குப் படுக்கை, மாலையில் காலைத் தூக்கி வைப்பது, காலையில் நிறையத் தண்ணீர், மூன்று நாள் குறிப்பு. குறிப்பில் நனைந்த நாள்களுக்குப் பக்கத்தில் நாக்கு, உடம்பு வலி, கட்டில் சத்தம் மூன்றுக்கும் தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

---

மெதுநடை எழுதியது:

தம்பி, டாக்டரைப் பார்க்கப் போகும்போது காண்டம் கதீட்டர் அளவையும் அங்கேயே நர்ஸிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். கையில் பலம் குறைவு என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு கையால் மாட்டுவதற்கு வசதியாக இழுப்புப் பட்டை வைத்த வகை இருக்கிறது.